பித்தளை ரேக்குப் பெட்டி: புதுப் படச்சட்டத்துக்குச் சரி, பழசுக்கு வேண்டாம்

படச்சட்டத்துக்குப் பொன் நிறம் ஏற்ற விற்கும் தொடக்கப் பெட்டிகளில் பொதுவாக இருப்பவை: 14 செ.மீ. சதுரப் பித்தளை ரேக்கு (மிக மெல்லிய உலோகத் தாள்) 25, நீர்ப்பசை, செம்மண் நிற அடிப்பூச்சு, ஷெல்லாக் (சாராயத்தில் கரைத்த அரக்கு), ஒரு பிரஷ். 60×45 செ.மீ. சட்டம் ஒன்றுக்கு, வீணாவது போகவும், இந்த ரேக்கு தாராளம்.

பிரஷை மட்டும் மாற்றிவிடுங்கள். முரட்டு மயிரின் கோடு ஒவ்வொன்றும் ரேக்குக்கு மேலே அப்படியே தெரியும்.

முக்கால்வாசி வேலை கெடுவது பசையில்தான். உறிஞ்சும் பரப்பில் பூசினால் உள்ளே இறங்கிவிடும், ரேக்கு பிடிக்காது. அதனால் அடிப்பூச்சு இரண்டு முறை, 400 எண் உப்புத்தாளில் லேசாக ஒரு தேய்ப்பு, மெல்லிய ஷெல்லாக் ஒரு கை. அதற்குப் பிறகே பசை. பால் வெள்ளையாகப் பூசியது 15–30 நிமிடத்தில் தெளியும். செதுக்குப் பள்ளங்களில் தேங்கினால் அங்கே வெள்ளை மாறாது, ரேக்கும் சுருங்கும். உலர்ந்த பிரஷால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும்.

ரேக்கு நல்ல தடிமன், கையாலேயே எடுக்கலாம். ஆனால் செம்பும் துத்தநாகமும் கலந்தது. வியர்வைக் கை பட்ட இடம் பிறகு கறுத்து, விரல் ரேகையே தெரியும். பருத்திக் கையுறை அவசியம். ஒரு நாளாவது உலரவிட்டு ஷெல்லாக் பூசுங்கள், ஒரே இழுப்பில். திரும்பத் திரும்பத் தேய்த்தால் அதிலுள்ள சாராயம் பசையை இளக்கிவிடும். அகேட் என்ற வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றும் ஆசை இருந்தால் இந்தப் பெட்டி உதவாது. அதற்கு வச்சிரப் பசையும் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) சுண்ணக்கட்டித் தூளும் செம்மண்ணும் இட்ட அடித்தளத்தில் அசல் தங்க ரேக்குதான்.

பழைய சட்டங்களைப் புதுப்பிக்கவும் ஏற்றது என்று விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. மறைவான மூலையில் லேசாக ஈரப்படுத்திய பஞ்சை உருட்டிப் பாருங்கள். பொன்னோ சிவப்போ ஒட்டி வந்தால் அது தண்ணீரில் கரையும் பழைய வேலை, ஈரத்துணியே எதிரி. அதன் பக்கத்தில் பித்தளை இன்று ஒத்துப்போகும், பின்னால் தனியாகக் கறுக்கும். நீர்ப்பசையைப் பிற்பாடு அகற்றப் போனால் அசல் பொன்னும் சேர்ந்து வரும். உதிர்ந்த இடத்தை மட்டும் வச்சிரப் பசையில் குழைத்த சுண்ணக்கட்டித் தூளால் நிரப்பி, ஷெல்லாக் பூசி, நீர்வண்ணத்தில் மைக்காத் தூள் கலந்து நிறம் கூட்டலாம். மைக்கா கறுக்காது; பிடிக்காவிட்டால் அந்த இடத்தை மட்டும் ஈரப்பஞ்சால் துடைத்துவிடலாம்.