14,800 ரூபாய் போச்சு. பழைய ப்ளூரே செட் ஆன்லைன்ல வாங்குறவங்க தயவுசெஞ்சு படிங்க

நேத்து ராத்திரி பத்தரை மணிக்கு எனக்கு டிஸ்க் வித்த ஆள் என்னை பிளாக் பண்ணிட்டான். 14,800 ரூபாய். ஆப்காரங்க கைய விரிச்சாச்சு, பேங்க்லயும் கைய விரிச்சாச்சு. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்திருக்கேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. எப்படி ஏமாறாம இருக்கிறதுன்னு கடைசியில விவரமா சொல்றேன், ஆனா நடந்தது என்னன்னு முழுசா சொன்னாத்தான் அது புரியும்.

ஒம்பது வருஷமா டிஸ்க் ரிவியூ எழுதிட்டு வர்றேன், அதாவது டிவிடியும், அதுக்கு அடுத்து வந்த, படம் இன்னும் தெளிவா இருக்கற ப்ளூரேவும். அனிமேஷன், காமெடி படம், கச்சேரி வீடியோ, இந்த மூணும்தான் எனக்கு உசுரு. கதை நல்லாருக்கா இல்லையான்னு எழுதுறது என் வேலை இல்ல, அதை ஊரே எழுதுது. பிரிண்ட் எப்படி, சவுண்ட் எப்படி, சப்டைட்டில் ஒழுங்கா இருக்கா, கூடவே வர்ற டாக்குமெண்டரி பாக்கற மாதிரி இருக்கா, இதத்தான் எழுதுவேன். எல்லாம் ஓடிடில கிடைக்குதே எதுக்கு டிஸ்க்குன்னு கேக்கறாங்க. ஓடிடில இன்னைக்கு இருக்கும், நாளைக்கு தூக்கிடுவாங்க, படம் ஓடும்போதே டைரக்டர் மாதிரி ஆளுங்க அதப் பத்தி பேசுற கமெண்டரி டிராக் வராது, நெட் கொஞ்சம் குறைஞ்சா இருட்டு சீனெல்லாம் கட்டம் கட்டமா உடையும். டிஸ்க் அலமாரில இருந்தா அது என்னோடது, அவ்ளோதான். ஆனா இங்க புது டிஸ்க் வர்றது ரொம்ப குறைஞ்சு போச்சு, வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா கொரியரும் கஸ்டம்ஸும் சேர்ந்து டிஸ்க் விலையையே தாண்டிடுது, அதனால என்னை மாதிரி ஆளுங்க பழசு விக்கிறவங்கள நம்பித்தான் இருக்கோம்.

போன மாசம் பழைய பொருள் வாங்கி விக்கிற ஒரு ஆப்ல இந்த விளம்பரம் கண்ணுல பட்டுச்சு. ஜப்பான் அனிமேஷன் டைரக்டர் மியாசாகியோட படம் அஞ்சு, சாப்ளின் மூணு, கூட ஒரு கச்சேரி டிஸ்க், மொத்தம் ஒம்பது ப்ளூரே, எல்லாம் அமெரிக்க பதிப்பு, 16,000 ரூபாய். பேசி 14,800க்கு இறங்கினான். அடிமாட்டு விலைக்கு குடுத்திருந்தா எனக்கே சந்தேகம் வந்திருக்கும். ஒரு டிஸ்க்குக்கு 1,600 சொச்சம் வருது, பழசுக்கு அது நியாயமான விலைதான். அங்கதான் அவன் கெட்டிக்காரன்.

எனக்கு அதுல முக்கியமா வேணும்னு இருந்தது சாப்ளின். எங்கப்பாவுக்கு எழுபத்தாறு வயசு, காது சுத்தமா மந்தமாயிடுச்சு, மெஷின் வச்சா தலைவலின்னு கழட்டிடறார். டிவில எந்த படம் போட்டாலும் அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சு போயிடுவார், யார் என்ன பேசுறாங்கன்னே தெரியாம எப்படி உக்காருவார். சாப்ளினுக்கு மட்டும் உக்காருவார். அதுலயும் சிட்டி லைட்ஸ். 1931ல வந்த படம், அப்போ பேசும்படம் வந்து நாலு வருஷம் ஆயிடுச்சு, ஆனாலும் சாப்ளின் வசனம் வேண்டாம்னு பிடிவாதமா எடுத்தார். எங்க வீட்ல இருந்த டிவிடி கீறல் விழுந்து குத்துச்சண்டை சீன்லயே நின்னு போகும், கடைசி சீன அப்பா பாத்து மூணு வருஷம் ஆகுது.

சரி, நம்பினது எப்படின்னு சொல்றேன். அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது. போன்ல பேசினேன். முப்பது வயசு இருக்கும் குரல், பவ்யமா பேசறான். "அண்ணா நானும் டிஸ்க் கலெக்டர்தாங்கண்ணா, கனடா போறேன், தூக்கிட்டு போக முடியல, நல்ல கைக்கு போய் சேரணும்"னான். இத யார் வேணா சொல்லலாம், அதுக்கெல்லாம் நான் விழல. அடுத்து அவன் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி, "அண்ணா உங்க ப்ளேயர் என்ன ரீஜன்? இது ஏ ரீஜன் லாக், இந்தியாவுல வாங்கின சி ரீஜன் ப்ளேயர்ல ஓடாது, வாங்கிட்டு அப்புறம் திட்டாதீங்க"ன்னு. ப்ளூரேக்கு உலகத்த ஏ, பி, சின்னு மூணு ரீஜனா பிரிச்சிருக்காங்க, ஒரு ரீஜனுக்கு லாக் போட்ட டிஸ்க் வேற ரீஜன் ப்ளேயர்ல ஓடாது. அந்த இடத்துல நான் விழுந்துட்டேன். பொருள் விக்கணும்னு அலையறவன் எவனாவது உன் வீட்ல இது ஓடாதுன்னு தானா சொல்லுவானா? ரீஜன்னா என்னன்னே தெரியாத கடைக்காரங்க எத்தனையோ பேர பாத்திருக்கேன், இவன் எனக்கு முன்னாடி அத சொல்றான். என்கிட்ட சிங்கப்பூர்ல இருந்து மச்சான் கொண்டு வந்த ஏ ரீஜன் ப்ளேயர் தனியா இருக்கு தம்பின்னு சொன்னேன். "அப்ப கரெக்ட் ஆளுண்ணா நீங்க"ன்னான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் குடுத்த விலைதான் 14,800.

ஆப்லயே பணம் கட்டறேன்னேன். "அதுல கமிஷன் பிடிப்பாங்கண்ணா, யூபிஐல போட்டுடுங்க, அந்த காசுக்கு நல்ல பபிள் கவர் சுத்தி அனுப்பறேன்"னான். முதல்ல 5,000 போட்டேன். ரெண்டு மணி நேரத்துல கொரியர் ரசீது போட்டோ வந்துச்சு, நிஜமான ரசீதுதான், செக் பண்ணேன், மீதி 9,800 போட்டேன்.

பார்சல் ஆறாம் நாள் வந்துச்சு. கவர் எல்லாம் பளபளன்னு இருக்கு, பின்னாடி ஏ ரீஜன் குறி இருக்கு, எனக்கு சந்தோஷம் தாங்கல. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அப்பாவ உக்கார வச்சேன். ஹால்ல இருக்கறது சி ரீஜன் ப்ளேயர், ஏ ரீஜன் ப்ளேயர் என் ரூம்ல இருக்கு. அவசரத்துல மறந்து ஹால்ல இருக்கறதுலயே டிஸ்க்க போட்டுட்டேன். படம் ஓடுது. அப்பா சிரிக்க ஆரம்பிச்சுட்டார். எனக்கு நெஞ்சு திக்குன்னுது. ஓடவே கூடாத டிஸ்க் எப்படி ஓடுது? ஏ லாக் போட்ட ஒரிஜினல்னா சி ப்ளேயர் அதை தள்ளிவிட்டுடும். ஓடுதுன்னா அந்த லாக்கே இல்ல, லாக் இல்லன்னா அது அந்த கம்பெனி அச்சடிச்ச டிஸ்க்கே இல்ல.

அப்புறம் ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிச்சுது. அப்பாதான் முதல்ல சொன்னார், "என்னடா இவன் இவ்ளோ குண்டா இருக்கான்"னு. அந்த காலத்து படம் கிட்டத்தட்ட சதுரமாத்தான் இருக்கும், ரெண்டு பக்கமும் கருப்பு பட்டை விட்டு போடணும். இந்த திருட்டு டிஸ்க்ல அதை டிவி அகலத்துக்கு இழுத்து விட்டிருக்கான், ஒல்லிக்குச்சியா இருக்கற சாப்ளின் பூசணிக்கா மாதிரி உருள்றார். சத்தம் அதைவிட கொடுமை. ஆரம்பத்துல சிலை திறப்பு விழாவுல பெரிய மனுஷங்க மைக்ல பேசும்போது வார்த்தை வராது, பீப்பி ஊதுற மாதிரி சத்தம்தான் வரும், பேசும்படத்தையே அதுல சாப்ளின் கிண்டல் பண்ணியிருப்பார். படத்துக்கு இசை போட்டதும் அவரேதான். அதெல்லாத்தையும் எடுத்துட்டு எங்கேயோ கிடந்த ஒரு பியானோவ போட்டு வச்சிருக்கான். அப்பாவுக்கு அது கேக்கல. எனக்கு கேட்டுச்சே.

டிஸ்க்க எடுத்து திருப்பி பாத்தேன். கம்பெனில அச்சடிச்சதுன்னா அடிப்பக்கம் வெள்ளியா மின்னும். இதுல மூணு டிஸ்க் பழுப்பேறின கருப்பு, வீட்லயே காலி ப்ளூரேல காப்பி எழுதுற பிடி-ஆர். மீதி ஆறுல நாலு ஊதா கலர்ல இருக்கு, அது ப்ளூரேவே கிடையாது, சாதாரண டிவிடி-ஆர், ப்ளூரே பெட்டிக்குள்ள போட்டிருக்கான்! மேல இருக்கற லேபிள்ல ஈரக் கையை வச்சேன், மை விரல்ல ஒட்டுது.

மியாசாகி படம் ஸ்பிரிட்டட் அவே, 2001ல வந்தது, 2003ல ஆஸ்கார் வாங்கினது. அதோட கதையே பேர் பத்தினதுதான், சிஹிரோங்கற பொண்ணோட பேர அந்த சூனியக்காரி பிடுங்கிட்டு சென்னு பாதி பேர மட்டும் விட்டு வைப்பா, சொந்தப் பேர மறந்துட்டா வீடு திரும்ப முடியாது. இந்த டிஸ்க்ல சப்டைட்டில்ல முதல் சீன்லயே அந்தப் பொண்ணுக்கு சீன உச்சரிப்புல ச்சியான்ஷுன்னு போட்டிருக்கு, எங்கேயோ சீனத்துல வந்த திருட்டு டிவிடில இருந்து உருவி இருக்காங்க. அப்பாம்மா கூப்பிடும்போதே வேற பேர், அப்புறம் எந்தப் பேர பிடுங்கினா என்ன? இந்தப் படத்த முதல் தடவை பாக்கற ஒரு குழந்தை இதப் பாத்தா என்ன புரியும் சொல்லுங்க.

கச்சேரி டிஸ்க் ஸ்டாப் மேக்கிங் சென்ஸ். டாக்கிங் ஹெட்ஸ் பேண்டோட பாடகர் டேவிட் பைர்ன் வெறும் மேடையில ஒத்தையா நடந்து வருவார், முதல்ல ஷூ மட்டும்தான் தெரியும், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு ஆளா சேர்ந்து மேடை நிரம்பும். அப்படி கொஞ்சம் கொஞ்சமா சவுண்ட் பெருகுறதுதான் அதோட அழகே. பெட்டியில 5.1னு, அதாவது சுத்தி இருக்கற ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் தனித்தனி சத்தம்னு போட்டிருக்கு, ஆனா பின்னாடி ஸ்பீக்கர்லயும் அதே ஸ்டீரியோவ அப்படியே ஓட விட்டிருக்கான். முன்னாடி பாடுறதுதான் முதுகுப் பக்கமும் பாடுது. பத்து நிமிஷத்துல நிறுத்திட்டேன்.

உடனே அவனுக்கு போன் பண்ணேன். முதல் நாள் "அப்படியாண்ணா, எனக்கும் ஒருத்தர்கிட்ட இருந்துதான் வந்துச்சு, பாத்து சொல்றேன்". ரெண்டாம் நாள் மெசேஜ், ஊர்ல துக்கம், நாலு நாள் டைம் குடுங்கன்னு. நான் அதையும் நம்பி நாலு நாள் காத்திருந்தேன், துக்க வீட்ல போய் பணம் கேப்பாங்களா. அஞ்சாம் நாள் குரலே மாறிப்போச்சு, "உங்க ப்ளேயர்ல கோளாறு சார்"ங்கறான், அண்ணா போய் சார் ஆயிட்டேன். நீங்கதான் டிஸ்க்க மாத்தி வச்சுட்டு என்கிட்ட பணம் பறிக்க பாக்கறீங்கன்னு நேத்து சொன்னான். என்னைப் பாத்து. அதுக்கு அப்புறம் பிளாக்.

ஆப்ல புகார் குடுத்தா முதல்ல மெஷின்தான் பதில் சொல்லுது, "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்"னு நாலு தடவை அதே வரி. ஆள் கிடைக்க மூணு நாள் ஆச்சு. அந்தப் பொண்ணு "பணம் எங்க ஆப் வழியா போகல சார், எங்களால எதுவும் செய்ய முடியாது"ன்னுட்டாங்க. அவன் ஐடியையாவது முடக்குங்க, இன்னொருத்தர் மாட்டக்கூடாதுன்னு கெஞ்சினேன், பரிசீலிக்கறோம்னாங்க. பேங்க்ல நீங்களே பின் போட்டு அனுப்பினதுதானேங்கறாங்க. ஸ்டேஷன்ல ஒருத்தர், "சிடிக்கா சார் 14,800?"ன்னு கேட்டார். ஆமா சார், சிடிக்குத்தான். எதுக்கா இருந்தா என்ன, திருட்டு திருட்டுதானே.

எப்படி வாங்கணும்னு விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்போ மணி ஒண்ணே முக்கால், மண்டை ஓடல. அவசரத்துக்கு இத மட்டும் பிடிச்சுக்கங்க. ஆப்க்கு வெளிய பணம் போடாதீங்க, கமிஷன் நான் தர்றேன்னு சொல்லுங்க, அப்பவும் மாட்டேன்னா விட்டுடுங்க. கவர் போட்டோ பாத்து ஏமாறாதீங்க, டிஸ்க்கோட அடிப்பக்கத்த வெளிச்சத்துல திருப்பி வீடியோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, வெள்ளியா இல்லன்னா வேண்டாம். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்க, நான் எடுக்கல. பணம் போயிட்டா அன்னைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் போடுங்க, என்னை மாதிரி நாலு நாள் துக்கம் விசாரிச்சுட்டு உக்காராதீங்க. ஆப்லயே பணம் கட்டியிருந்தா குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துல அனுப்புங்க, 2020 இ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். நுகர்வோர் உதவி எண் 1915.

இத எழுதிட்டு இருக்கும்போதே அந்த ஆப்ப திறந்து பாத்தேன். வேற பேர்ல, வேற ஊர் போட்டு, அதே ஒம்பது டிஸ்க் போட்டோ, அதே 16,000 விலை, ஒரு மணி நேரத்துக்கு முன்னாடிதான் ஏத்தியிருக்கான். பச்சைல வெள்ளைப் பூ போட்ட மேஜை விரிப்பு மேல பெட்டிகள வரிசையா அடுக்கியிருப்பான், இடது ஓரத்துல ஒரு சுவிட்ச் போர்டு பாதி தெரியும். அந்த போட்டோவ பாத்தீங்கன்னா போனே பண்ணாதீங்க.