‘பேஸ் ரெக்கார்டிங் செட்’ என்று கட்டிக்கொடுத்தால் வாங்காதீர்கள்

வீட்டிலேயே பேஸ் கிட்டார் பதிவு செய்ய சாமான் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சென்னையில் ஓரளவு பெயர் உள்ள ஓர் இசைக்கருவிக் கடையில் ரூ.27,800 வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு ‘பேஸ் ரெக்கார்டிங் செட்’ கொடுத்தார்கள். பேஸ் பதிவுக்கு உருப்படியாக உதவுகிற பொருள் அதில் ஒன்றுகூட இல்லை. அதே செட்டை இன்னமும் விற்கிறார்கள் என்று தெரிந்ததால்தான் எழுதுகிறேன்.

கேட்டதைத் தெளிவாகவே கேட்டேன். என்னுடையது நாலு தந்தி பேஸ், பாசிவ் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்), உள்ளே பேட்டரி கிடையாது. நேரடியாகச் செருகி லேப்டாப்பில் பதிவு செய்ய வேண்டும். அறை பத்துக்குப் பத்து. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட விற்பனையாளர், “நேரா செருகினா தகரம் மாதிரிதான் சார் கேட்கும். புரொஃபஷனலா வேணும்னா ஆம்ப் முன்னாடி மைக் வைக்கணும். ரூம்ல ஃபோம் ஒட்டிட்டீங்கன்னா பேஸ் கிண்ணுனு நிக்கும்” என்றார். எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள சின்ன ஆம்ப் 9,500, கண்டென்சர் மைக் 6,500, ஒரு அங்குல கனத்தில் ஃபோம் 4,800, கருவியின் சத்தத்தை லேப்டாப்புக்குள் கொண்டுபோகிற ஆடியோ இன்டர்ஃபேஸ் 7,000. “இதிலேயே பேஸை நேராகவும் செருகலாமா?” என்று இன்டர்ஃபேஸைக் காட்டிக் கேட்டேன். “தாராளமா, எல்லாம் போகும் சார்.”

நேராகச் செருகினால் நன்றாக இருக்காது என்பது அப்பட்டமான பொய். 1960களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ், அங்கேயே தயாரித்த டிஐ பெட்டி (கிட்டார் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தருவது) வழியாக நேரே கன்சோலுக்குள், அதாவது ஒலிக்கலவை மேசைக்குள்தான் போனது. அந்தப் பதிவுகளைத்தான் உலகத்தில் பாதி பேஸ் கலைஞர்கள் இன்றும் கேட்டுக் கேட்டுப் பழகுகிறார்கள். நல்ல ஸ்டுடியோ அறையில் பெரிய ஆம்ப் முன் மைக் வைப்பதிலும் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டுப் படுக்கையறைக்கு அதைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் நேர் கேபிளில் லாபம் கிடையாது என்பதுதான்.

ஃபோம் விஷயம் இன்னும் மோசம். பேஸின் அடித் தந்தியான ‘இ’ ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அந்த ஒலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். ஒரு அங்குல ஃபோம் அதைத் தொடக்கூட முடியாது. மேல்ஸ்தாயி ஒலியை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, கீழே இருக்கிற குழப்பத்தை அப்படியே விட்டுவிடும். பத்தடி இடைவெளியில் இரண்டு சுவர்கள் இருந்தால் 56 ஹெர்ட்ஸ் அருகில் அறையே அதிரும். ‘ஏ’ தந்தியை விரல் அழுத்தாமல் சும்மா மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்று பக்கமும் அதே இடத்தில் அதிரும். என் அறை அப்படித்தான். திரையில் பார்த்தால் ‘ஏ’ வாசித்த இடத்தில் அலை வீங்கி நிற்கிறது, அடுத்து ‘இ’க்கு இறங்கினால் மெலிந்துபோகிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தள்ளவே முடியவில்லை. ஸ்பீக்கரிலிருந்து வராததை மைக் எங்கிருந்து எடுக்கும்? எடுத்ததெல்லாம் மின்விசிறியும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும்தான்.

சரி, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நேராகவே செருகினேன். கம்பளி போர்த்திய மாதிரி ஒரு மந்தமான சத்தம். காரணம் எளிது: பாசிவ் பிக்கப்புக்கு 1 மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம் அளவில் மின்தடை உள்ள இன்புட் வேண்டும். அதற்காகத்தான் பல இன்டர்ஃபேஸ்களில் ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று சுவிட்ச் வைத்திருப்பார்கள். எனக்குக் கொடுத்ததில் மைக், லைன் (கீபோர்டு போன்றவற்றின் பலமான சிக்னலுக்கானது) இரண்டு மட்டும்தான். லைன் இன்புட் சில பத்தாயிரம் ஓம் அளவில் இருக்கும். அதில் பாசிவ் பேஸைச் செருகினால் பிக்கப்பின் மேல் சுமை ஏறி, விரல் படுகிற அந்தத் தெளிவு முதலில் போய்விடும். ஒன்று இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும், இல்லையென்றால் ஒரு டிஐ பாக்ஸ் வாங்கி மைக் இன்புட்டில் கொடுக்க வேண்டும். உள்ளே 9 வோல்ட் பேட்டரி போடுகிற ஆக்டிவ் பேஸ் என்றால் பெரும்பாலும் லைனிலேயே சமாளிக்கும். அதனால்தான் ‘பாசிவ்’ என்று கடையில் அழுத்திச் சொன்னேன்.

அப்புறம் இன்னொன்று வெளிவந்தது. வாரண்டிக்காகத் தயாரிப்பாளரின் தளத்தில் இன்டர்ஃபேஸின் சீரியல் எண்ணைக் கொடுத்தால், ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பெட்டியில் ஒட்டியிருந்த எண் வேறு, கருவியின் அடியில் இருந்த எண் வேறு. யூஎஸ்பி துளையைச் சுற்றிக் கீறல். யாரோ திருப்பிக் கொடுத்ததைப் புதுசு என்று தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கடைக்குப் போனால், “பிரிச்ச பொருளை எடுக்க மாட்டோம், சீட்டுலயே போட்டிருக்கே” என்றார்கள். அந்தச் சீட்டு பில்லே இல்லை. ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பு, ஜிஎஸ்டி எண் கிடையாது. பில் வேண்டும் என்று அன்றைக்குக் கேட்டபோது, சிஸ்டம் வேலை செய்யவில்லை, வாட்ஸப்பில் அனுப்புகிறோம் என்று சொல்லி அனுப்பியவர்கள் இவர்கள்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதில்தான் சேரும். இதைச் சொன்னதும் மேலாளர் குரலே மாறிவிட்டது, ஆனாலும் பணம் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். யூபிஐயில் கட்டிய விவரம், இரண்டு சீரியல் எண்களின் படம், வாட்ஸப் உரையாடல் எல்லாம் கைவசம் இருந்தன. அதற்குப் பிறகுதான் இன்டர்ஃபேஸ் பணத்தைத் திருப்பினார்கள். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்றை வேறு கடையில் வாங்கிவிட்டேன். கவுன்டரிலேயே பெட்டியைப் பிரித்து, இரண்டு எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து, ஜிஎஸ்டி பில்லைக் கையில் வாங்கிய பிறகே பணம் கட்டினேன். ஒரு கேபிள், ஒரு மூடிய ஹெட்ஃபோன், அவ்வளவுதான். ‘இ’ தந்தி முழுசாக விழுகிறது.

ஆம்ப், மைக், ஃபோம் பணம் 20,800 இன்னும் நிற்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போடலாம். இதே மாதிரி செட்டை வாங்கி, எஸ்டிமேட் சீட்டோடு நிற்கிறவர்கள் யாராவது இருந்தால் சீட்டையும் பணம் கட்டிய விவரத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். மனுவோடு சேர்க்க உதவும்.