டிரேட்மார்க் பதிவை யாரிடம் ஒப்படைப்பது: இணைய நிறுவனமா, ஏஜென்ட்டா, வழக்கறிஞரா?

ஒரு பெயரில் தொழில் நடத்தி, அந்தப் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய விரும்புகிறவர் முன் இன்று நான்கு வழிகள் உள்ளன. தாமே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். குறைந்த கட்டணத்தில் விண்ணப்பம் போட்டுத்தரும் இணைய நிறுவனத்திடம் கொடுக்கலாம். டிரேட்மார்க்குகளைப் பதியும் அரசு அலுவலகமான பதிவகத்தில் தம்மைப் பதிந்துகொண்டு, பிறர் சார்பில் செயல்படும் டிரேட்மார்க் ஏஜென்ட்டை நியமிக்கலாம். இத்துறையில் பழகிய வழக்கறிஞரை அமர்த்தலாம். 1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டப்படி பிறர் சார்பில் பதிவகத்தின் முன் செயல்படக்கூடியவர்கள் பதிவு பெற்ற ஏஜென்ட்டும் வழக்கறிஞருமே; இணைய நிறுவனமும் அவர்களில் ஒருவர் மூலமாகவே விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணமும் எந்த வழியில் போனாலும் ஒன்றுதான். இணையவழி விண்ணப்பத்துக்குத் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுநிறுவனம் ஆகியோர் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் அல்லது சேவைப் பிரிவுக்கு, 4,500 ரூபாயும் மற்றவர்கள் 9,000 ரூபாயும் செலுத்த வேண்டும். ஆகவே, விலைப்பட்டியலில் தெரியும் வேறுபாடு முழுவதும் தொழிற்கட்டணத்தில்தான் இருக்கிறது. அந்தக் கட்டணத்துக்கு எவர் என்ன செய்கிறார் என்பதைப் பலரும் விண்ணப்பம் போடும் நாளை மட்டும் வைத்து எடைபோடுகிறார்கள். பெயரைத் தேர்ந்தெடுக்கும் கட்டம், பதிவகம் தன் ஆட்சேபங்களை எழுதி அனுப்பும் பரிசீலனை அறிக்கைக்குப் பதில் தரும் கட்டம், மூன்றாம் நபர் எதிர்ப்புத் தெரிவிக்கும் கட்டம், நீதிமன்றக் கட்டம் ஆகிய நான்கிலும் அவரால் எதுவரை உடன்வர முடியும் என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து.

தாமே விண்ணப்பிப்பது

இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பதிவகத்தின் தேடுதளம் இலவசமானது. எழுத்தொற்றுமை, ஒலியொற்றுமை இரண்டையும் வைத்துத் தேடலாம். எந்தப் பொருளுக்கும் பொருந்தாத, புதிதாக உருவாக்கிய சொல்லைப் பெயராகக் கொண்டு, ஒரே வகைப் பொருளை விற்கும் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்தால் விண்ணப்பத்தை நல்லபடியாகவே முடித்துவிடலாம்.

சிக்கல் பெரும்பாலும் படிவத்தின் இரண்டு இடங்களில் தொடங்குகிறது. ஒன்று வகுப்பு. பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்கத் தொடங்கிய ஒரு குடும்பம் 30ஆம் வகுப்பில் விண்ணப்பித்துவிட்டு, அதே பெயரில் ஊறுகாயும் செக்கு நல்லெண்ணெயும் விற்கத் தொடங்கும்போது, அவை இரண்டும் 29ஆம் வகுப்பில் வருவதை அறிந்திருக்காது. அதே பெயரில் ஒரு சிற்றுண்டி உணவகம் திறந்தால் அது 43ஆம் வகுப்பு. விண்ணப்பத்தில் குறிப்பிட்ட பொருள்களைப் பின்னால் குறைக்கலாமே தவிர, புதிய பொருள்களைக் கூட்ட முடியாது; அவற்றுக்குப் புதிய விண்ணப்பம் போட வேண்டும், தேதியும் புதிதாகிவிடும்.

இரண்டாவது, பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற கேள்வி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தியச் சட்டத்தில் இதைவிடக் கனமான கட்டம் அந்தப் படிவத்தில் வேறு இல்லை. இங்கே முதலில் பதிவு செய்தவரைவிட முதலில் பயன்படுத்தியவரின் உரிமையே மேலானது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் அளித்த தீர்ப்பு இதற்கு நம் ஊர்ச் சான்று. அந்த வழக்கில் எதிர்த்தரப்பும் 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்ற பெயரில் பதிவு வைத்திருந்தது. ஆயினும், நீண்டகாலமாக அப்பெயரில் வணிகம் செய்து நற்பெயர் ஈட்டிய முதல் பயனாளரின் உரிமை பதிவைவிட வலுவானது என்று நீதிமன்றம் உறுதிசெய்தது.

பத்து ஆண்டுகளாக ஒரு பெயரில் விற்றுவரும் ஒருவர் படிவத்தில் 'இனிமேல் பயன்படுத்த உத்தேசம்' என்று குறித்தால், அந்தப் பத்து ஆண்டுகளின் வலிமையை அவரே கைவிட்டுவிடுகிறார். பின்னால் தகராறு வரும்போது அவருடைய சொந்த விண்ணப்பமே அவருக்கு எதிரான ஆவணமாகக் காட்டப்படும். உண்மையான தேதியைக் குறித்தால் பிரமாணப் பத்திரமும் அதற்கான ஆதாரங்களும் இணைக்க வேண்டும்: பழைய பில் புத்தகம், உறை அச்சடித்த அச்சகத்தின் ரசீது, உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் கணக்கு, நாளிதழ் விளம்பரம். இவற்றைத் தேடித் தொகுக்க ஒரு வாரம் ஆகலாம். அந்த ஒரு வாரத்தைத் தவிர்ப்பதற்காகவே பலர் 'உத்தேசம்' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இணைய நிறுவனங்கள்

ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான தொழிற்கட்டணத்தை விளம்பரத்தில் காணலாம். விண்ணப்பம் விரைவாகப் போடப்படுகிறது, விண்ணப்ப எண் ஓரிரு நாளில் கைக்கு வருகிறது, பெயரோடு 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளலாம் என்ற குறுஞ்செய்தியும் வந்துசேர்கிறது. 'டிஎம்' போடுவதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை என்பதையும், வட்டத்துக்குள் ஆர் எழுத்துப் போட்ட குறியைப் பதிவு கிடைத்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த நிறுவனங்கள் எல்லாமே மோசமானவை என்று சொல்வது நியாயமாகாது. தகுதியுள்ள வழக்கறிஞர்களை வைத்துச் செயல்படுபவையும் உண்டு. ஆனால், குறைந்த கட்டணத்தில் அதிக எண்ணிக்கை என்ற அவற்றின் கணக்கில், உங்கள் பழைய பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க எவருக்கும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை. மேலே சொன்ன 'உத்தேசம்' என்ற குறிப்பு இவ்வழியில் மிகுதியாக விழுவதற்கு அதுவே காரணம்.

இன்னொரு ஆபத்து மின்னஞ்சல் முகவரியில் இருக்கிறது. ஏஜென்ட் மூலம் போடப்படும் விண்ணப்பத்தில் அவருடைய முகவரியும் மின்னஞ்சலுமே தொடர்புக்காகக் கொடுக்கப்படுகின்றன. பதிவகம் அனுப்பும் பரிசீலனை அறிக்கை அங்கேதான் போகும். அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். பதில் தருவது விண்ணப்பக் கட்டணத்தில் அடங்காது என்பதால், தனிக்கட்டணம் கேட்டு அந்த நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சல் விளம்பர மின்னஞ்சல்களுக்கிடையே கவனிக்கப்படாமல் போக, ஓராண்டு கழித்துத் தளத்தில் பார்க்கும்போது 'கைவிடப்பட்டது' என்ற நிலை காட்டும். இவ்வழியில் செல்பவர் மாதம் ஒருமுறையாவது விண்ணப்ப எண்ணைத் தளத்தில் இட்டுத் தாமே நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்குத் தணிக்கையாளரிடமே இதையும் கொடுத்துவிடும் பழக்கம் நம் ஊர்களில் பரவலாக உள்ளது. அவரே பதிவு பெற்ற டிரேட்மார்க் ஏஜென்ட்டாகவும் இருந்தால் தடையில்லை. இல்லாவிட்டால் அவரும் வேறொருவரிடம் அனுப்பத்தான் போகிறார்.

ஏஜென்ட்டும் வழக்கறிஞரும்

பதிவகத்துக்கு முன் நடக்கும் எல்லா வேலைகளையும், அதாவது விண்ணப்பம், பரிசீலனை அறிக்கைக்குப் பதில், விசாரணையில் வாதிடுதல், எதிர்ப்பு நடவடிக்கை ஆகியவற்றைப் பதிவு பெற்ற ஏஜென்ட்டும் வழக்கறிஞரும் சமமாகவே செய்யலாம். சென்னை கிண்டியில் உள்ள பதிவக அலுவலகத்தின் நடைமுறையை ஆண்டுக்கணக்கில் பார்த்த ஒரு ஏஜென்ட், உரிமையியல் வழக்குகளுக்கிடையே எப்போதாவது ஒரு டிரேட்மார்க் கோப்பைத் தொடும் வழக்கறிஞரைவிட மேலானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவே, 'வழக்கறிஞர்' என்ற தகுதியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பயன் தராது. வேறுபாடு, விவகாரம் நீதிமன்றத்தைத் தொடும்போது வெளிப்படுகிறது. பதிவக உத்தரவுகள் மீதான மேல்முறையீட்டைக் கேட்டுவந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டதால், பதிவகத்தின் உத்தரவை எதிர்த்து இப்போது உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஏஜென்ட் அங்கே வாதிட முடியாது.

நல்ல வழக்கறிஞரின் மதிப்பு முதன்மையாக எங்கே தெரிகிறது என்று என்னைக் கேட்டால், விண்ணப்பத்துக்கு முன்பே என்பேன். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரே அந்தக் கட்டத்தில் தேவை. மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றை எவரும் தம் தனிப் பெயராகப் பதிந்துகொள்ள முடியாது. பொருளின் தன்மையையோ சிறப்பையோ சொல்லும் பெயர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஐடிசி நிறுவனம் தன் நூடுல்ஸில் பயன்படுத்திய 'மேஜிக் மசாலா' என்ற சொற்களுக்கு உரிமை கோரி, 'மேஜிக்கல் மசாலா' என்று போட்ட நெஸ்லேயின் மீது தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020இல் தள்ளுபடி செய்தது. அவை புகழ்ச்சியாகவும் வணிகத்தில் பொதுவாகவும் வழங்கும் சொற்கள் என்பதே காரணம். அத்தகைய பெரிய நிறுவனத்துக்கே கிடைக்காத தனியுரிமை, 'சுவை மசாலா' என்று பெயர் வைத்த சிறு நிறுவனத்துக்குக் கிடைத்துவிடும் என்று நம்பவைத்து முன்பணம் வாங்குபவரிடமிருந்து விலகியிருப்பது நல்லது.

எதிர்ப்புக் கட்டத்தில் இந்த வேறுபாடு பணமாகவே தெரியும். விண்ணப்பம் பதிவகத்தின் டிரேட்மார்க் இதழில் வெளியானதும் நான்கு மாதத்துக்குள் எவரும் எதிர்க்கலாம். எதிர்ப்பின் நகல் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் பதிலுரை தாக்கல் செய்யாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். இந்தக் கெடுவைச் சட்டம் நீட்டித்துத் தருவதில்லை. அதன்பின் இருதரப்பும் பிரமாணப் பத்திர வடிவில் சாட்சியம் தர வேண்டும். பெருநிறுவனங்கள் தம் பெயரை ஒத்த எதையும் வழக்கமாகவே எதிர்க்கின்றன என்பதால், எதிர்ப்பு வந்தவுடனே பெயரை விட்டுவிட வேண்டியதில்லை. கர்நாடகப் பால் கூட்டுறவின் 'நந்தினி'க்கும் பெங்களூரின் 'நந்தினி டீலக்ஸ்' உணவகத்துக்கும் இடையிலான வழக்கில், பொருள்களும் வணிகமும் வேறானவை என்பதால் உணவகம் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வகுப்பில் பதிவு இருப்பதாலேயே அந்த வகுப்பின் எல்லாப் பொருள்களுக்கும் ஏகபோகம் கிடைத்துவிடாது. எதிர்த்து நிற்பதா, பொருள்பட்டியலைக் குறைத்துக்கொண்டு சமரசம் செய்வதா என்று முடிவெடுக்க அனுபவம் வேண்டும். நிரப்பிய மாதிரிப் படிவத்தால் அது ஆகாது.

பதிவுக்குப் பின்

பதிவுச் சான்றிதழ் பத்து ஆண்டுக்கானது, புதுப்பித்துக்கொண்டே போகலாம். சந்தையில் போலி வரும்போது அதைத் தடுக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. மீறல் வழக்கைத் தம் தொழில் நடக்கும் ஊரிலேயே தொடுக்கலாம் என்று டிரேட்மார்க் சட்டத்தின் 134ஆம் பிரிவு சலுகை தருகிறது. வணிக நீதிமன்றங்களில் அவசர இடைக்காலத் தடை கோராத வழக்குகளுக்கு, வழக்குத் தொடுக்கும் முன் சமரச முயற்சி கட்டாயம். எனவே, போலியைக் கண்டும் ஓராண்டு சும்மா இருந்துவிட்டால், அவசரம் என்ற வாதத்தை எதிர்த்தரப்பு கேள்வி கேட்கலாம். ஆத்திரத்தில் அனுப்பும் வக்கீல் நோட்டீசுக்கும் விளைவு உண்டு. ஆதாரமற்ற மிரட்டல் என்று எதிர்த்தரப்பே வழக்குத் தொடுக்க 142ஆம் பிரிவு இடந்தருகிறது. இந்தக் கட்டத்தில் வழக்கறிஞரைத் தவிர வேறு தெரிவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023இலிருந்து அறிவுசார் சொத்துக்கெனத் தனிப் பிரிவு செயல்படுவதால், அங்கே தொடர்ந்து வழக்காடுபவர்களை அறிந்துகொள்வதும் முன்பைவிட எளிது.

பெருநகரங்களின் பெரிய சட்ட நிறுவனங்கள், சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் என்று ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஏற்றவை. இந்த நாடுகள் டிரேட்மார்க்குகளுக்கான மாட்ரிட் நெறிமுறை என்ற பன்னாட்டு உடன்படிக்கையில் இருப்பதால், இந்திய விண்ணப்பத்தை அடிப்படையாக வைத்து ஒரே மனுவில் அங்கெல்லாம் பாதுகாப்புக் கோரலாம். ஆனால், முதல் ஐந்து ஆண்டுக்குள் இந்திய அடிப்படை விழுந்தால் வெளிநாட்டுப் பாதுகாப்பும் அதோடு விழும். உள்ளூர் விற்பனை மட்டுமே உள்ளவருக்கு அந்தக் கட்டணம் வீண். மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் என்றால், ஏஜென்ட்டின் தொழிற்கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் ஒன்று இருப்பதையும் விசாரிக்க வேண்டும். தகுதியுள்ள பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது

இந்தியாவில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது. இணையதளங்கள் மூலம் கட்சிக்காரர்களைத் தேடும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே, இணையத் தேடலில் முதலில் வருபவர் சிறந்தவர் என்று கொள்ள வழியில்லை. பதிவகத்தின் தளத்தில் எந்த விண்ணப்பத்தைத் திறந்தாலும் அதை நடத்தும் ஏஜென்ட் அல்லது வழக்கறிஞரின் பெயரும், அவர் தாக்கல் செய்த பதில்களும் தெரியும். உங்கள் தொழிலிலேயே எதிர்ப்பைச் சந்தித்துப் பதிவு பெற்ற பெயர்கள் சிலவற்றைத் தேடி, அந்தப் பதில்களைப் படித்துப் பாருங்கள். எவர் வழக்குக்கேற்ப எழுதுகிறார், எவர் ஒரே பத்தியை எல்லாவற்றுக்கும் ஒட்டுகிறார் என்பது சில பக்கங்களிலேயே புரிந்துவிடும்.

புதிய, உருவாக்கிய பெயர், ஒரே வகுப்பு, இன்னும் விற்பனை தொடங்கவில்லை என்றால், தாமே விண்ணப்பிக்கலாம். நல்ல ஏஜென்ட்டும் போதும். ஏற்கெனவே சில ஆண்டுகள் பயன்பட்ட பெயர், தமிழ்ப் பொதுச்சொல், ஊர்ப்பெயர், குடும்பத்தில் பங்குள்ள பெயர், தேடலில் ஒத்த பெயர் கண்ணில் பட்ட நிலை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், விண்ணப்பத்துக்கு முன் டிரேட்மார்க் வழக்கறிஞரிடம் எழுத்துமூலக் கருத்தைக் கட்டணம் கொடுத்துப் பெற வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். விண்ணப்பத்தை அதன்பின் எவரைக் கொண்டும் போட்டுக்கொள்ளலாம். அவரையே தொடர்ந்து அமர்த்துவதானால், தேடல், விண்ணப்பம், பரிசீலனைப் பதில், ஒவ்வொரு விசாரணை, எதிர்ப்பு ஆகியவற்றுக்கான கட்டணத்தைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பவர் பத்திரத்தில் கையெழுத்திடும்போது அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பதிவகத்திலிருந்து வரும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் அன்றே உங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்பதை அந்தக் கட்டண ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.