மேசன்ஸ் அயர்ன்ஸ்டோன் டின்னர் செட்: நீலம் நிக்குது, தங்கம் நிக்கல

இங்கிலாந்துல ஒரு ஏலத்துல எடுத்த பழைய மேசன்ஸ் அயர்ன்ஸ்டோன் செட், அதாவது பீங்கான் மாதிரி கெட்டியான மண்பாண்ட வகை, சாப்பிடறதுக்குன்னே வாங்கினது, வருஷக்கணக்கா புழங்கிட்டிருக்கோம். ஸ்டாஃபர்ட்ஷயர்ல செஞ்சது, ஜப்பான் பேட்டர்ன், அதாவது இமாரி ஸ்டைல், அடர் நீலம், செங்கல் சிவப்பு, மேல தங்கம். மேசன் குடும்பத்துல அப்பா மைல்ஸ் மேசன் சீனப் பீங்கான் வியாபாரி, கிழக்கிந்தியக் கம்பெனி 1791ல அத மொத்தக் கொள்முதலா இறக்குமதி செய்யறத நிறுத்தின பிறகு அவரே செய்ய இறங்கிட்டாரு, மகன் சார்லஸ் 1813ல இந்த கெட்டி வகைக்கு பேட்டன்ட் வாங்கினாரு. பேருல அயர்ன் இருக்கேன்னு பாக்காதீங்க, இரும்பெல்லாம் ஒண்ணும் கிடையாது, பேருக்கே பாதி வியாபாரம் ஆயிருக்கும்.

உறுதின்னா அப்படி ஒரு உறுதி. டின்னர் பிளேட்டே நல்ல கனம், சூப் டுரீன, அதாவது மூடி போட்ட பெரிய சூப் பாத்திரத்த, நிரப்பிட்டா தூக்க ரெண்டு கையும் வேணும். வெந்நீர்ல காட்டி துடைச்சு வெச்சா சாப்பாடு ரொம்ப நேரம் சூடா இருக்கு.

பிரச்சினை மேல்பூச்சுலதான். நீலம் கிளேசுக்கு, அதாவது கண்ணாடி மாதிரி பளபளப்புப் பூச்சுக்கு, அடியில இருக்கு, கத்தி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. சிவப்பும் தங்கமும் கிளேசுக்கு மேல அப்புறமா தீட்டி குறைஞ்ச சூட்டுல சுட்டது, அதான் முதல்ல தேயறது அதுங்க. எங்க பிளேட்டுல நடுப்பூவுல தங்கம் போயே போச்சு, விளிம்புல மட்டும் மிச்சம் இருக்கு. டிஷ்வாஷர் கூடவே கூடாது, மைக்ரோவேவ்ல வெச்சா தங்கம் பொறி பறக்கும். வெதுவெதுப்பான தண்ணி, மெத்துனு ஸ்பாஞ்ச், அடுக்கும்போது நடுவுல ஒரு துணி, அவ்ளோதான்.

கிளேசுல முடி மாதிரி விரிசல் விட்ட பிளேட்டுல குழம்பு ஊத்தாதீங்க, மஞ்சள் உள்ள இறங்கிடுச்சுன்னா வெளிய எடுக்கறது பெரும்பாடு. பழைய கிளேசுலயும் பெயின்ட்லயும் ஈயம் இருக்க வாய்ப்பிருக்கு, அதனால எலுமிச்சை, வினிகர், தயிர் இதெல்லாம் நாங்க இதுல வைக்கறதே இல்ல, மிச்ச சாப்பாட்டையும் உடனே வேற பாத்திரத்துக்கு மாத்திடுவோம்.

வாங்கறவங்க விரலால தட்டிப் பாருங்க, கணீர்னு வரணும், மந்தமா வந்தா எங்கயோ கீறல் இருக்கு. அடியில மேசன்ஸ் முத்திரை இருக்குன்னு மட்டும் பழசுன்னு நம்பிடாதீங்க, 1848ல சார்லஸ் திவாலாகி அச்செல்லாம் ஃபிரான்சிஸ் மோர்லி கைக்குப் போய் அப்புறம் ஆஷ்வொர்த் கம்பெனிக்குப் போச்சு, அவங்களும் அதே பேட்டர்ன் போட்டாங்க. கோடு அச்சுல, கலர் கையால, அதனால தனித்தனியா வாங்கி சேர்த்தா சிவப்பு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. எனக்கு அது பிடிக்கும், வீட்டுல பிடிக்கல. தங்கம் தேஞ்ச பிளேட்ட தேடி வாங்குங்க, விலை கம்மி, சாப்பிடும்போது தங்கம் போயிடுமேங்கற பயமும் இல்ல.