செட்பேக்கில் விலக்கு வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால்

சென்னையில் வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் தனி வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். விதிப்படி வீட்டைச் சுற்றி விட்டிருக்கும் காலியிடத்தில், அதாவது செட்பேக்கில், டெக், சிட் அவுட் ஏதாவது கட்ட நினைப்பவர்களைத் தேடி ஒருவர் வருகிறார். பிளான் அப்ரூவல் கன்சல்டன்ட் என்று சொல்லிக்கொள்வார். எங்களிடம் 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் கொடுத்தது செல்லாத காகிதம். இப்போது எங்கள் பக்கத்துத் தெருவிலும் ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டின் பின்பக்கம் இரும்புத் தூண் நிறுத்தி, பலகை போட்டு, மேலே ஷீட் கூரையோடு ஒரு டெக் கட்ட விரும்பினோம். அம்மாவால் படியிறங்க முடியாது; சாயங்காலம் காற்றாட அங்கே உட்காரட்டும் என்றுதான். சக்கர நாற்காலி திரும்ப வேண்டுமென்றால் செட்பேக்கில் மூன்றடி உள்ளே போயாக வேண்டும். "மூணடிதானே சார், இப்பல்லாம் செல்ஃப் சர்டிஃபிகேஷன். டெவியேஷனுக்கு ஒரு பெட்டிஷன் போட்டு வாங்கிடலாம்" என்றார் அவர்.

இது அப்பட்டமான பொய். அவர் சொன்ன செல்ஃப் சர்டிஃபிகேஷன், அதாவது 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம், 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரையோடு முதல் தளம் கட்டுகிற வீடுகளுக்கானது. விதிப்படிதான் கட்டுகிறேன் என்று அதில் உறுதி தருவது வீட்டுக்காரர்தான். விதியை மீறுகிற பிளானுக்கு அதில் இடமே இல்லை.

அப்புறம் ஒரு நாள், மனு நகல் ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் உருண்டை முத்திரை, தேதி, ஒரு சுருக்கொப்பம். "பர்மிஷன் வந்தாச்சு, வேலையை ஆரம்பிங்க, ஆர்டர் பின்னாடியே வரும்" என்றார். தூண் நிறுத்திக் கான்கிரீட் போட்ட பிறகு வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அந்தக் காகிதத்தை மண்டல அலுவலகத்தில் காட்டினோம். அது தபால் பிரிவில் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை மட்டும்தான் என்றார்கள். யார் எந்த மனுவைக் கொடுத்தாலும் அதை அடித்துக் கொடுப்பார்களாம். அன்றிலிருந்து கன்சல்டன்ட் போனை எடுப்பதில்லை.

எவ்வளவு செட்பேக் விட வேண்டும் என்பதைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்கிறது. சாலை அகலம், கட்டட உயரம் போன்றவற்றைப் பொறுத்து அது மாறும். ஒரு கட்டடத்துக்கு விலக்கு தரும் அதிகாரம் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவில் அரசுக்கு இருக்கிறது. மண்டல அலுவலகத்தில் கொடுத்த மனு அந்த விலக்கு ஆகாது. எனவே விலக்கு வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அரசாணை எண்ணையும் தேதியையும் கேளுங்கள். மழுப்பினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அந்த மனு என்ன ஆனது என்று கேட்டேன். வரைபடமோ பத்திர நகலோ இணைக்கப்படவில்லை, மேல்நடவடிக்கை இல்லை என்று பதில் வந்தது. எனக்கு உண்மையான பயம் இங்கேதான். பத்திரம், பட்டா நகல்கள், அம்மா கையெழுத்துப் போட்ட தாள்கள் எல்லாம் மனுவோடு வைக்க வேண்டும் என்று வாங்கிப் போனவர் அவர். அவை எங்கே? போலீஸில் கொடுத்த புகாரில் பணத்துக்கு முன்னால் இதைத்தான் எழுதியிருக்கிறேன்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறோம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்ததால் ஆதாரம் கையில் இருக்கிறது. அவர் ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

வெறும் முத்திரை குத்திய மனு நகல் உங்களிடமும் இருந்தால், தூணுக்குக் குழி தோண்டும் முன் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுப்பதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.