யானை வாசலில் நிற்கிறது: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன்

இந்த விளையாட்டின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று கல்லூரி நண்பன் ஒருவன் கேட்டான். பழைய சிடியில் இரவெல்லாம் விளையாடியவன். ஊர் அமைத்து, படை திரட்டி, எதிரியை வீழ்த்தும் இந்தக் கணினி விளையாட்டைப் பற்றி அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. 2019 நவம்பரில் இந்தப் புதிய பதிப்பு வந்ததிலிருந்து விடாமல் விளையாடி வருபவன் என்ற முறையில் ஒன்றைத்தான் முதலில் சொல்வேன். படை சொன்ன இடத்துக்குப் போவதில்லை.

இருபது வில்லாளிகளைப் பின்வாங்கச் சொன்னால் பதினெட்டுப் பேர் வருகிறார்கள். மீதி இருவர் அணிவகுப்பில் தங்கள் இடத்தைத் தேடிக்கொண்டு எதிரியின் பக்கமே திரும்புகிறார்கள். காட்டோரம் மரம் வெட்டும் கிராமவாசி, பக்கத்து மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, காட்டையே சுற்றிக்கொண்டு மறுபுறம் போய் நிற்கிறான். வாள்வீரர்கள் கும்பலாகப் போனால் முன்வரிசை சண்டையிடுகிறது, பின்வரிசை ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு அடிவாங்குகிறது. 1999இல் என்சம்பிள் ஸ்டூடியோஸ் கொடுத்த மூல விளையாட்டிலும் படைகள் முட்டிக்கொண்டன. ஆனால் எங்கே, எப்படி முட்டும் என்பது பழகிவிடும், அதற்கேற்பத் திட்டமிடலாம். இங்கே ஒரு அப்டேட் வந்து நடையைச் சீராக்கும். அடுத்தது வந்து பழையபடி கெடுத்துவிடும். பழகுவதற்கே அவகாசமில்லை.

மற்றவற்றில் குறை சொல்ல மனம் வரவில்லை. வயல்கள் தாமாகவே மறுவிதைப்பு ஆகின்றன. முதல் பதிப்பில் தீர்ந்துபோன ஒவ்வொரு வயலையும் கையால் விதைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும். சேனைக்கூடம், குதிரை லாயம் எல்லாவற்றிலும் என்ன தயாராகிறது என்பது திரையின் மூலையில் ஒரே வரிசையில் தெரிகிறது. கோட்டை இடிந்து விழும் காட்சியை இப்போதும் நின்று பார்க்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மகிழ்ச்சி 2022 ஏப்ரலில் வந்த ‘டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா’ என்ற கூடுதல் தொகுப்பு. அதுவரை இந்தியா முழுவதற்கும், நாம் தேர்ந்தெடுத்து ஆட, ‘இந்தியர்கள்’ என்ற ஒரே இனம்தான் இருந்தது. அதைப் பிரித்து திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர் என்று தனித்தனியாகத் தந்தார்கள். இராஜேந்திர சோழனுக்கென்று தனிப் போர்த்தொடர், துறைமுகத்தில் திரிசடை என்ற பெருங்கப்பல், கோட்டையில் உருமி என்ற வளையும் சுருள்வாள் ஏந்திய வீரன். கிராமவாசியைச் சொடுக்கியதும் தமிழில் பதில் வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். பள்ளி நாள்களிலிருந்து பிரித்தானியராகவும் பிராங்கியராகவும் ஆடிக்கொண்டிருந்த நமக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் கோபமும் அதிகமாக வருகிறது. திராவிடர்களுக்கு நைட் எனப்படும் கனரகக் குதிரைப்படை கிடையாது. அவர்களுடைய பலம் காலாட்படை, யானை, கப்பல். நடைக்கோளாறு அதிகம் தாக்குவது முதல் இரண்டையும்தான். உருமியைச் சுழற்றினால் சுற்றியுள்ள எதிரிகள் பலருக்கும் ஒரே வீச்சில் காயம் படும். ஆனால் கும்பலின் நடுவே மாட்டிக்கொண்ட வீரன் எதிரியை எட்டினால்தானே சுழற்றுவான்? யானையின் உடல் பெரிது, வேகம் குறைவு. மதிலின் ஒற்றை வாசலில் முதல் யானை தயங்கி நின்றால் பின்னால் வரும் படை முழுவதும் நிற்கிறது. எதிரியின் ஈட்டிக்காரர்கள் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள். நேற்றிரவு வெல்ல வேண்டிய ஆட்டம் அப்படித்தான் போனது. கணக்கில் பிழையில்லை, படையில் குறையில்லை, வாசலில் யானை நின்றது.

இவ்வளவு ஆண்டுகளில் புதிய இனங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு கொடுத்திருக்கிறேன், கொடுத்ததில் வருத்தமும் இல்லை. ஆனால் புதிய இனம் ஒன்றை ஒத்திவைத்துவிட்டு, இருக்கிற வீரர்களை ஒழுங்காக நடக்க வைத்தால் அதற்கும் காசு கொடுப்பேன்.

ஆகவே நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. அதையும் மீறி வாங்குவதென்றால் இந்தியத் தொகுப்பையும் சேர்த்து வாங்கு; இராஜேந்திரனின் போர்த்தொடரைத் தனியாக, கணினியை எதிர்த்து ஆடு. ஆன்லைன் தரவரிசைப் போட்டிப் பக்கம் மட்டும் திராவிடர்களோடு போகாதே.