யாழ்ப்பாணக் கந்தோர்களில் என்விடிஏ: நீண்ட காலப் பாவனைக்குப் பின்

பார்வையற்ற ஊழியர் ஒருவர் விண்டோஸ் கணினியில் கந்தோர் வேலை செய்ய, திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பான் போதுமா என்றால், போதும். இலவசம். நிறுவ அனுமதியில்லாத கணினியில் பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம். ஆனால் அந்தப் பிரதி லொகின் திரையிலும் நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டியிலும் வாய் திறக்காது. நிரந்தர இருக்கை என்றால் முறையாக நிறுவிவிடுங்கள்.

தமிழ்க் குரல் இரண்டு உண்டு. கூடவே வரும் இஸ்பீக் தகரத்தில் தட்டியது போலிருக்கும், ஆனால் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் இழுபடாது. விண்டோஸின் வள்ளுவர் குரல் கேட்க நல்லது. செட்டிங்ஸில் தமிழ் மொழியோடு அதன் பேச்சுப் பொதியையும் இறக்க வேண்டும். நீண்ட கடிதத்துக்கு வள்ளுவர், எக்செலுக்கு இஸ்பீக் என்று பிரித்துவைக்கலாம்: எக்செல் திறந்திருக்கும்போது இன்சேர்ட், கொன்ட்ரோல், பி மூன்றையும் அழுத்திப் புதிய புரொஃபைல் (அமைப்புத் தொகுப்பு) ஒன்றை அந்தச் செயலிக்கு மட்டும் உருவாக்கி, அதில் இஸ்பீக்கைத் தெரிவுசெய்தால், குரல் தானாகவே மாறும்.

உண்மையான தலையிடி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. எங்கள் பக்கத்துப் பழைய கடிதங்கள், சுற்றறிக்கைகள், பெயர்ப்பட்டியல்கள் பெரும்பாலும் அதில்தான் கிடக்கின்றன. பாமினி கோப்பில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் போடுகிறது, அவ்வளவுதான். அதனால் ‘தமிழ்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டால் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று வரும். இன்சேர்ட்டுடன் எஃப் அழுத்தினால் எழுத்துருவின் பெயர் தெரியும். எழுத்துருவை மட்டும் லதா போன்ற இன்னொன்றுக்கு மாற்றிப் பயனில்லை, உள்ளே இருப்பதையே தமிழைத் தமிழாகச் சேமிக்கும் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றுமுன் மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர்களை ஒதுக்கிவையுங்கள். இல்லாவிட்டால் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும். சில மாற்றிகள் ஒகரக் குறியை எகரக் கொம்பும் காலுமாக இரண்டு துண்டாக விடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, சாதாரண தேடலில் சொல் அகப்படாமல் போகும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரியில் போட்டு, பெயர்களையும் இலக்கங்களையும் பார்வையுள்ள ஒருவர் ஒப்பிட்டே ஆகவேண்டும்.

இணையப் படிவங்களில் பிழை அநேகமாக ஒரே இடத்தில்தான்: பெட்டிக்கு லேபல் இல்லை. பக்கத்தில் ‘அடையாள அட்டை இலக்கம்’ என்று எழுதியிருந்தும் கோடில் லேபலைப் பெட்டியின் ஐடியோடு கட்டாவிட்டால், ‘திருத்தப் பெட்டி, வெற்று’ என்று மட்டும் கேட்கும். கட்டாயப் புலத்தைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டுவதும் இதே வகைதான். பிழைச் செய்தி மேலே தோன்றினால் போதாது. கேர்சர் பிழையான முதல் பெட்டிக்குப் போகவேண்டும். மும்மொழித் தளங்களில் தமிழ்ப் பக்கத்தின் மொழிக் குறியீடு ஆங்கிலமாகவே கிடந்தால், என்விடிஏயின் தானியங்கிக் குரல்மொழி மாற்றம் ஆங்கிலக் குரலுக்குத் தாவித் தமிழை உளறும் அல்லது விழுங்கும். ஒரு வரித் திருத்தம், ஆனால் செய்பவர்கள் குறைவு.

எக்செலில் இணைத்த கலங்களைப் பிரித்துவிடுங்கள். தலைப்புக் கலத்தில் நின்று இன்சேர்ட், ஷிஃப்ட், சி அழுத்தினால், கீழுள்ள நிரைகளில் ஒரு நிரலிலிருந்து அடுத்த நிரலுக்கு நகரும்போது ‘அடிப்படைச் சம்பளம்’ போன்ற தலைப்பு பெறுமதியோடு சேர்ந்து வாசிக்கப்படும். இணைத்த கலங்கள் இருந்தால் தலைப்பு இடம் மாறிச் சம்பளம் கழிவாகக் கேட்கும்.

குறைபார்வையுள்ளவர்களை மென்பொருள் எழுதுபவர்கள் அநேகமாக மறந்தேவிடுகிறார்கள். இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி எழுத்தை 200 சதவீதம் வரை பெருப்பிக்கவும், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 நிறவேறுபாடு இருக்கவும் கேட்கிறது. ஆங்கிலத்துக்கு அளந்த பட்டனில் தமிழ் பெருத்தால் மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். உயரத்தை நிலையாக வைக்காமல், வரி உயரத்தை எழுத்தளவின் 1.5 மடங்காக விடுங்கள்.

புதிய மென்பொருள் வாங்குமுன் மவுஸைக் கழற்றி, திரையைக் கறுப்பாக்கிவிடும் என்விடிஏயின் திரைச்சீலை வசதியைப் போட்டு, ஒரு லீவு விண்ணப்பத்தை லொகினிலிருந்து அனுப்பும் வரை செய்துபாருங்கள். ரப் விசை எந்தப் பெட்டியில் சிக்கியது, எந்தப் பட்டன் பெயரில்லாமல் ‘பட்டன்’ என்று மட்டும் சொன்னது என்று எழுதி, காசு கட்டுமுன் விற்பனையாளரிடம் கொடுங்கள்.